‘கேரி’: சுமப்பது யார், சுமக்கப்படுவது எது?

பினாங்கில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரிடம், ‘கேரி’ என்ற ஆங்கிலச் சொல் குறித்து வாசகர்கள் கேட்டவையும் அவர் தந்த பதில்களும்.

ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு தாய்: ஐயா, அப்பா மோட்டாரில் பள்ளிக்குக் கூட்டிப் போவதைப் பற்றி எழுதிய என் மகன் ‘கேரி’ என்று போட்டான். ஆசிரியை அதை அடித்து ‘டேக்’ என்று திருத்திவிட்டார். மோட்டார் ஆளைச் சுமக்கத்தானே செய்கிறது?

ஆசிரியை செய்தது சரி. ‘பிரிங்’ நம் பக்கம் கொண்டு வருவது, ‘டேக்’ இங்கிருந்து கொண்டு போவது. ‘கேரி’க்குத் திசையே கிடையாது, பாரம் எதன் மீது இருக்கிறது என்பது மட்டுமே அதற்கு வேண்டும். அப்பா ‘கேரி’ செய்தார் என்று எழுதினால், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையை அவர் இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்ததாகத்தான் படிப்பவருக்குத் தோன்றும்!

மலாய் பேசும் ஊரில் வளரும் பிள்ளைக்கு இந்தக் குழப்பம் வருவது இயல்பு. ‘பாவா’ என்ற ஒரே சொல் கொண்டு வரவும், கொண்டு போகவும், கார் ஓட்டவும்கூடப் பயன்படுகிறதே. ஆனால் நீங்கள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. வாகனத்தை எழுவாயாக வைத்தால் ‘கேரி’ பொருந்தும்: பஸ் நாற்பது பேரை ‘கேரி’ செய்யும், மோட்டார் இருவரை. அமெரிக்காவின் தென்பகுதியில் ஒருவரைக் காரில் ஏற்றிப் போய்க் கடையில் விடுவதையும் பேச்சுவழக்கில் ‘கேரி’ என்பார்கள். அதைச் சொல்லித் தேர்வில் மதிப்பெண் கேட்க வேண்டாம்.

செந்தூல் வாசகர்: தைப்பூசத்தின்போது ஆங்கில நாளேடுகள் காவடி எடுப்பவரைக் ‘காவடி பேரர்’ என்கின்றன. ‘கேரியர்’ என்றால் ஆகாதா?

ஆகாது என்றில்லை, அப்படி எழுதுகிறவர்களும் உண்டு. ஆனால் காதுக்கு ஒட்டவில்லை. ‘கேரியர்’ என்றதும் விமானம் தாங்கிக் கப்பல், சரக்கு நிறுவனம், கிருமியை உடலில் வைத்திருப்பவர், சைக்கிளின் பின்னிருக்கை என்று என்னென்னவோ நினைவுக்கு வரும். மரியாதையோடும் சடங்கோடும் தாங்குவதற்கு ஆங்கிலம் ‘பேர்’ என்ற பழைய வினைச்சொல்லை ஒதுக்கி வைத்திருக்கிறது. கொடி ஏந்துபவர் ‘பேரர்’, சவப்பெட்டிக்குத் தோள் கொடுப்பவரும் ‘பேரர்’. நம் சங்கங்களின் பொறுப்பாளர்களும் ஆங்கிலத்தில் ‘ஆபீஸ் பேரர்’களே, சிலர் அந்தப் பாரத்தை இறக்கி வைக்கவே மாட்டார்கள், அது வேறு கதை.

பத்துமலையின் 272 படிகளானாலும் தண்ணீர்மலையின் 513 படிகளானாலும், ஏறுபவரைப் பற்றி நாமும் ‘காவடி சுமக்கிறார்’ என்று சொல்வதில்லை. காவடி எடுக்கிறார், தீச்சட்டி ஏந்துகிறார். சுமப்பதெல்லாம் அரிசி மூட்டைக்கு. ஆங்கிலத்தில் வினைச்சொல்லாக எழுதும்போது ‘கேரி’ தாராளமாக வரலாம். ஆளைக் குறிக்கும்போது ‘பேரர்’ என்று எழுதுங்கள்.

செராஸ் மாணவி: எங்கள் பல்கலைக்கழகத்தில் எல்லாரும் ‘கேரி மார்க்’ என்கிறோம். வெளிநாட்டு விண்ணப்பத்தில் அப்படியே எழுதலாமா?

வேண்டாம். அது நம் நாட்டு வழக்கு. இறுதித் தேர்வுக்கு முன்பே இடுபணி, சிறு தேர்வு ஆகியவற்றில் சேர்த்து, கடைசிக் கணக்கில் கூட்டப்படும் மதிப்பெண் என்பது நமக்குப் புரியும்; அங்கே விழிப்பார்கள். ‘கோர்ஸ்வொர்க்’ மதிப்பெண் என்று எழுதுங்கள்.

ஆலயச் செயலாளர், ஆயர் ஈத்தாம்: ஆண்டுக் கூட்டக் குறிப்பில் தீர்மானம் ‘கேரீட்’ என்று இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டது என்று பொருளா?

இல்லை, வாக்கெடுப்பில் நிறைவேறிவிட்டது. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருந்தால் ‘கேரீட் ஓவர்’ என்று இருக்கும். இந்த ‘ஓவர்’ இருக்கிறதா என்று பார்த்த பிறகே செலவில் இறங்குங்கள்.

பாயான் லெப்பாஸ் வாசகர்: ‘கேரி ஆன்’, ‘கேரி அவுட்’ இரண்டும் என்னைப் படுத்துகின்றன.

‘கேரி ஆன்’ என்றால் தொடர்ந்து செய். நடுவில் சிறுகோடு போட்டால் விமானத்துக்குள் கொண்டு போகும் கைப்பை. ‘கேரி அவுட்’ என்றால் செய்து முடி. ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவிலும் அது சாப்பாட்டைக் கட்டி வாங்குவதையும் குறிக்கும், நம் ‘புங்குஸ்’ போல.

இதற்கும் ‘கார்’ என்ற சொல்லுக்கும் உறவு உண்டா?

உண்டு. பழைய கெல்டிக் மக்களின் சக்கர வண்டியை லத்தீன் ‘கார்ருஸ்’ என்றது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கார், கார்கோ, சார்ஜ் எல்லாம் அதன் வழிவந்தவை. டிபன் கேரியரும், வேலையில் முன்னேறும் ‘கேரியரும்’ எழுத்தில் வேறானாலும் அதே வண்டியிலிருந்து இறங்கியவைதான்.

கடைசியாக ஒன்று: கருவுற்றிருப்பதையும் ‘கேரி’ என்கிறார்களே?

ஆம், நாம் வயிற்றில் சுமப்பதாகச் சொல்வது போலத்தான். மொழிபெயர்க்கும்போது கணக்கை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்த்தாய் பத்து மாதம் சுமப்பாள், ஆங்கிலத்தில் ஒன்பதுதான்.