ஃபென்டாஸ்டிக் ஃபோர் குழு ஏன் காணாமல் போனது, எப்படி மறுபடி சேர்ந்தது? எங்கிருந்து படிக்க ஆரம்பிக்கலாம்?

மார்வெல் காமிக்ஸின் சூப்பர்ஹீரோ குடும்பமான ஃபென்டாஸ்டிக் ஃபோர் பற்றி 2025-ல் வந்த படத்தைப் பார்த்துவிட்டு காமிக்ஸ் பக்கம் வந்திருப்பதாகச் சொல்கிறீர்கள். நடுவில் சில வருடங்கள் இந்தத் தொடரே நின்றுபோனது ஏன், திரும்பி வந்த கதை எப்படி இருக்கும், கேலக்டஸ் மாதிரி அண்டத்தையே மிரட்டும் வில்லன்கள் வரும் கதைகளில் எதை முதலில் எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் திரும்பி வந்த கதை சுமார்தான். அவர்களைத் தேடிப் போன கதை அருமை.

இந்தக் குழுவுக்குப் பிரிவதும் சேர்வதும் புதுசில்லை. 1961-ல் ஸ்டான் லீயும் ஜாக் கர்பியும் செய்த முதல் இதழே ஒரு அழைப்பில்தான் தொடங்குகிறது. குழுத் தலைவரான விஞ்ஞானி ரீட் ரிச்சர்ட்ஸ் வானத்தில் ஒரு வெடியைச் சுடுகிறார், புகையிலேயே குழுவின் பெயர் எழுதப்படுகிறது. பிறகு ரீட்டின் மனைவியாகும் சூ அப்போது தோழியுடன் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறாள், அப்படியே மறைந்து தெருவில் இறங்கி எல்லோரையும் அலற வைக்கிறாள். பாறை உடம்புக்காரனான பென் கிரிம் துணிக்கடையில் தன் உடம்புக்கு ஏற்ற சட்டை தேடிக்கொண்டிருக்கிறான், வாசலுக்குள் அடங்காமல் அதை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறான். சூவின் தம்பி ஜானி ஒரு காருக்குள் இருக்கிறான், தீப்பிடித்துக் கிளம்பும்போது அந்தக் கார் உருகிப்போகிறது. இவர்கள் யார், இந்தச் சக்தி எப்படி வந்தது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மூன்றாவது இதழிலேயே ஜானி சண்டை போட்டுக்கொண்டு போய்விடுகிறான். நான்காவது இதழில் மற்ற மூவரும் நியூயார்க் முழுக்க அவனைத் தேடுகிறார்கள். கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போன தம்பியை அக்காவும் மாமாவும் தேடி அலைவது போலத்தான் இருக்கும். அவன் தங்கப் போன மலிவு விடுதியில்தான் நினைவிழந்து கிடக்கும் கடலடி இளவரசன் நேமர் கிடைக்கிறான். ஆக, தொடரின் பெரிய பாத்திரங்களில் ஒன்று உள்ளே வந்ததே ஒரு குடும்பச் சண்டையால்தான். மற்ற சூப்பர்ஹீரோ குழுக்கள் ஆபத்து வந்தால் கூடும், முடிந்ததும் கலையும். இவர்கள் ஒரே கூரையின் கீழ் வாழ்கிறவர்கள். ஆபத்து வராவிட்டாலும் சாயங்காலம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டாக வேண்டும்.

கேலக்டஸ் வரும் 48, 49, 50-ஆம் இதழ்களை (1966) இந்த எண்ணத்தோடு படியுங்கள். கிரகங்களைத் தின்னும் ஒருவன் பூமிக்கு வருகிற கதை என்று எல்லோரும் பேசுவார்கள். ஆனால் 48-இன் முதல் பக்கங்கள், முந்தைய இதழ்களில் ஓடிக்கொண்டிருந்த இன்ஹ்யூமன்ஸ் என்ற மறைந்து வாழும் விசித்திர சக்தி இனத்தின் கதையை முடிப்பதில் போகின்றன. 50-ஆம் இதழின் பாதியிலேயே கேலக்டஸ் கிளம்பிவிடுகிறான், மீதிப் பக்கங்களில் ஜானி கல்லூரியில் சேர்கிறான்! இன்றைக்கு ஒரு நிறுவனம் இந்தக் கதையை வெளியிட்டால் ஒரு வருடம் இழுத்து, பத்து துணை இதழ்களும் போடும்.

அதில் எனக்குப் பிடித்த காட்சி சண்டைக் காட்சி இல்லை. பென் விட்ட குத்தில் பறந்துபோன சில்வர் சர்ஃபர் (கேலக்டஸுக்குக் கிரகம் தேடித்தரும் தூதன்), பென்னின் காதலியும் பார்வையற்ற சிற்பியுமான அலிசியாவின் வீட்டுக் கூரையில் வந்து விழுகிறான். அவள் அவனுக்குச் சாப்பாடு கொடுக்கிறாள். சாப்பிடுவது என்றால் என்னவென்றே தெரியாதவன் அந்த உணவை ஆற்றலாக மாற்றி உறிஞ்சிக்கொள்கிறான். பிறகு இருவரும் பேசுகிறார்கள். அந்தப் பேச்சுதான் அவனை எஜமானுக்கு எதிராகத் திருப்புகிறது. கேலக்டஸைக் கடைசியில் பின்வாங்க வைப்பதும் அடிதடி இல்லை, வாட்சர் என்ற, பூமியைக் கவனித்துக்கொண்டிருக்கும் அண்டவாசியின் உதவியோடு ஜானி போய் எடுத்து வரும் ஒரு சின்னக் கருவியைக் காட்டி மிரட்டுவதுதான். இத்தனைக்கும் அந்த சர்ஃபர் கதைத் திட்டத்திலேயே இல்லை. கர்பி தானாக வரைந்து சேர்த்த ஆள். ஓவியங்கள் கைக்கு வந்த பிறகுதான் லீக்கே தெரியும்.

1968-ல் வந்த ஆறாவது ஆண்டு மலரும் அப்படித்தான். சூவுக்குப் பிரசவம் ஆபத்தாகிறது. அவள் உடம்பிலிருக்கும் கதிர்வீச்சை அடக்கத் தேவையான பொருள் நெகட்டிவ் ஸோன் என்ற வேறொரு பிரபஞ்சத்தில் அனைஹிலஸ் என்ற பூச்சி மனிதனிடம் இருக்கிறது. மூன்று ஆண்களும் அதைப் பறிக்கப் போகிறார்கள். பிறக்கிற பிள்ளைதான் ஃப்ராங்க்ளின்.

இனி நீங்கள் கேட்ட காணாமல்போன காலம். 2015 ஏப்ரலில் 645-ஆம் இதழோடு தொடர் நிறுத்தப்பட்டது. படமெடுக்கும் உரிமை அப்போது ஃபாக்ஸிடம் இருந்தது, போட்டிக் கம்பெனியின் படத்துக்கு மார்வெல் ஏன் இலவச விளம்பரம் செய்ய வேண்டும் என்பதுதான் காரணம் என்று ரசிகர்கள் பேசிக்கொண்டார்கள். கதைக்குள் சொன்ன காரணம் வேறு, அதுவும் அழகான காரணம். ஜோனதன் ஹிக்மன் எழுதிய 'சீக்ரெட் வார்ஸ்' என்ற தொடரின் முடிவில் எல்லாப் பிரபஞ்சங்களும் அழிந்து போயிருக்கின்றன. ரீட், சூ, பிள்ளைகள் ஃப்ராங்க்ளின், வலேரியா எல்லோரும் புதுப் பிரபஞ்சங்களை ஒவ்வொன்றாக உருவாக்கப் போய்விடுகிறார்கள். பென்னும் ஜானியும் பின்தங்கிவிடுகிறார்கள், மற்றவர்கள் இறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு. பென் கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி என்ற விண்வெளிக் குழுவோடு விண்வெளியில் அலைகிறான். ஜானி இன்ஹ்யூமன்ஸ், அவெஞ்சர்ஸ் என்று ஒட்டாமல் சுற்றுகிறான்.

2017 டிசம்பரில் சிப் ஸ்டார்ஸ்கி எழுத, ஜிம் சங் வரைந்து தொடங்கிய 'மார்வெல் டூ-இன்-ஒன்' இந்த இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறது. பன்னிரண்டு இதழ்தான். ஜானியின் தீ அணைந்துகொண்டே வருகிறது, அவன் மனசும் உடைந்திருக்கிறது. ரீட் விட்டுப்போன ஒரு கருவியை குழுவின் பழைய எதிரி டாக்டர் டூம் கொண்டுவந்து பென்னிடம் கொடுக்கிறான். ரீட்டும் சூவும் உயிரோடு இருக்கிறார்கள் என்று நம்ப பென்னிடம் எந்த ஆதாரமும் கிடையாது. இருந்தாலும் ஜானியைத் தூக்கி நிறுத்துவதற்காக, 'இருக்கிறார்கள், போய்த் தேடுவோம்' என்று பொய் சொல்கிறான். அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு இருவரும் பிரபஞ்சம் பிரபஞ்சமாகத் தேடுகிறார்கள். ரீட்டும் சூவும் உண்மையிலேயே உயிரோடுதான் இருக்கிறார்கள் என்பது வாசிக்கிற நமக்குத் தெரியும், சொல்கிற பென்னுக்குத் தெரியாது. பாறை உடம்புக்காரன் பொய் சொல்லிவிட்டுத் தவிக்கிற தவிப்பை அத்தனை பக்கங்களிலும் பார்க்கலாம்.

2018 ஆகஸ்டில் டான் ஸ்லாட் எழுத, சாரா பிக்கெல்லி வரைய முதன்மைத் தொடர் திரும்பியது. இத்தனை வருடம் காத்திருந்தவர்களுக்கு முதல் இதழில் ரீட்டும் சூவும் திரும்பி வரவில்லை. கடைசியில் வானத்தில் '4' என்ற அடையாளம் மட்டும். பலருக்குக் கோபம். எனக்கு அது சரியாகத்தான் பட்டது, 1961-ன் முதல் காட்சியும் அதே வானத்து அழைப்புதானே. சறுக்கியது அதற்குப் பிறகு. ஃப்ராங்க்ளின் படைத்த உலகங்களையெல்லாம் அழிக்கிற க்ரீவர் என்ற வில்லி வருகிறாள். எல்லாவற்றுக்கும் முடிவு நான்தான் என்று வசனம் பேசுகிறாள், ஆனால் பயமே வரவில்லை. மூன்றாவது இதழில் பென், ஜானியோடு சேர்த்து, எப்போதாவது இந்தக் குழுவில் இருந்தவர்கள் அத்தனை பேரையும் ரீட் வரவழைத்துவிடுகிறார். ஸ்பைடர்மேன், ஷீ-ஹல்க் என்று பெரிய கூட்டம். நான்கு பேர் சந்திக்க வேண்டிய இடம் கல்யாண மண்டப வாசல் மாதிரி ஆகிவிட்டது.

உண்மையான கல்யாணம் ஐந்தாவது இதழில் நடக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள். பென்னுக்கும் அலிசியாவுக்கும் திருமணம். அந்த நேரம் பார்த்துக் கேலக்டஸ் பூமிக்கு வந்து இறங்குகிறான். காலத்தை நிறுத்தும் ஒரு கருவியை ரீட் ஏற்கெனவே தயாராக வைத்திருக்கிறார். கிடைப்பது நான்கு நிமிடம், அதற்குள் திருமணத்தை முடிக்கிறார்கள்.

விண்வெளிப் போரை விட மர்மக் கதைகள் பிடிக்கும் என்றால் 2022 நவம்பரில் ரயன் நார்த் தொடங்கியதை எடுங்கள். அங்கே மறுபடி குழு சிதறிக் கிடக்கிறது. ஒரு தாக்குதலில் பிள்ளைகளைக் காப்பாற்ற வேறு வழியில்லாமல் ரீட் அவர்கள் வாழும் பேக்ஸ்டர் கட்டடத்தையே ஒரு வருடம் எதிர்காலத்துக்கு அனுப்பிவிட்டார். திரும்பி வரும்வரை காத்திருப்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது. பென்னும் அலிசியாவும் காரில் போகும் வழியில், ஒரே நாள் திரும்பத் திரும்ப நடக்கும் ஒரு சிற்றூரில் மாட்டிக்கொள்கிறார்கள். நான்காவது இதழில்தான் நால்வரும் சேர்கிறார்கள், என்ன நடந்தது என்பதும் அப்போதுதான் நமக்கு முழுதாகத் தெரிகிறது. விஞ்ஞானப் புதிரை வைத்து விஞ்ஞானத்தாலேயே அவிழ்க்கிற கதைகள், பெரும்பாலும் ஓரிரு இதழில் முடிந்துவிடும்.

நீங்கள் படம் பார்த்துவிட்டு வருகிறவர் என்பதால் 1966-ன் அந்த மூன்று இதழ்களை முதலில் முடியுங்கள். வசனம் பழைய பாணியில் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்து டூ-இன்-ஒன். ஸ்லாட்டின் ஐந்து இதழ்களை அதன் பிறகு வேகமாகப் புரட்டினால் போதும். நார்த்தை மட்டும் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், முன்கதை எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை.