மணல் தோட்டத்தில் ஆவாரை: தண்ணீரைக் குறையுங்கள்

விதைத்ததில் பாதி முளைக்கவே இல்லை, முளைத்ததும் விரல் உயரத்தில் மஞ்சளாகிச் சாய்கிறது, தொழு உரம் போட்டு தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றுகிறேன் என்கிறீர்கள். மணல் மேல் பழி போடாதீர்கள், ஆவாரைக்கு அது பிடித்தமான மண்தான், நீங்கள் செய்யும் உபசாரம்தான் அதிகம்.

விதையின் தோல் கெட்டியானது, அப்படியே போட்டால் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். உப்புத்தாளில் ஒரு பக்கம் மட்டும் லேசாகத் தேய்த்து, இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் உப்பிய விதைகளை மட்டும் எடுங்கள், உப்பாததை இன்னொரு முறை தேய்க்கலாம். அப்புறம் முக்கியமானது, செடி நிற்கப்போகும் இடத்திலேயே ஊன்றுங்கள், ஏனென்றால் ஆணிவேர் சீக்கிரம் ஆழம் போய்விடும், பிடுங்கி நட்டால் பெரும்பாலும் பிழைக்காது. மழைக்காலத் தொடக்கத்தில் ஊன்றினால் பாதி வேலை மிச்சம்.

முளைத்து நாலைந்து இலை வந்ததும் தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். விரலை மணலுக்குள் விட்டுப் பாருங்கள், இரண்டு கணு ஆழம் காய்ந்திருந்தால் மட்டும், நன்றாக ஆழத்துக்கு இறங்கும்படி ஊற்றுங்கள். மேலாகத் தெளித்தால் வேரும் மேலேயே நின்றுவிடும். உரம் வேண்டவே வேண்டாம்.

வெயில் முழுசாக விழ வேண்டும், நிழலில் பூ குறையும். பச்சைப் புழு இலையைத் தின்றால் மருந்து அடிக்காதீர்கள், வண்ணத்துப்பூச்சி முட்டையிடும் செடி அது, வளர்ந்த செடி மொட்டையானாலும் திரும்பத் தளிர்த்துவிடும்.