மாதிரி சொல்வது 21 மீட்டர், கேஜ் காட்டுவது 9

நகரக் குடிநீர்க் குழாய்களுக்குக் கணினியில் கணித மாதிரி அமைத்துத் தருவது என் தொழில். அளவுத்திருத்தம் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்:

ஐயா, அளவுத்திருத்தமும் சரிபார்ப்பும் ஒன்றுதானே? (பொறியியல் மாணவர்)

இல்லை தம்பி. களத்தில் அளந்த எண்களோடு பொருந்தும்வரை மாதிரியின் மதிப்புகளை மாற்றுவது அளவுத்திருத்தம். அதன்பின் எதையும் தொடாமல், வேறொரு நாளின் அளவுகளை அது சொல்கிறதா என்று பார்ப்பது சரிபார்ப்பு. செவ்வாய்க்கிழமை அளவுகளை வைத்துத் திருத்திவிட்டு, அதே செவ்வாய்க்கிழமையோடு ஒப்பிட்டு ‘நன்கு பொருந்துகிறது’ என்று எழுதிய அறிக்கைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

பழைய வார்ப்பிரும்புக் குழாய். இபானெட் (குழாய் வலையமைப்பைக் கணக்கிடும் மென்பொருள்) 21 மீட்டர் நீர் உயரத்துக்கான அழுத்தம் காட்டுகிறது, களத்தில் வைத்த கேஜில் (அழுத்தமானியில்) 9. குழாயின் உட்புற வழுவழுப்பைக் குறிக்கும் சி மதிப்பை 130-லிருந்து 38-க்கு இறக்கினால்தான் பொருந்துகிறது. அப்படியே வைத்துக்கொள்ளலாமா? (உதவிப் பொறியாளர்)

வேண்டாம். உராய்வால் எவ்வளவு அழுத்தம் இழக்கப்படும் என்று கணக்கிடும் ஹேசன்–வில்லியம்ஸ் சமன்பாட்டில் புது வார்ப்பிரும்புக்கு சி 130. நாற்பது ஆண்டு ஓடிய குழாய்க்கு நூல்கள் 64 முதல் 83 வரை தருகின்றன. 38 வந்தால் நான் முதலில் வால்வைத்தான் சந்தேகிப்பேன்.

ஓர் ஊரில் 300 மில்லிமீட்டர் குழாயில் எனக்கும் இப்படித்தான் 42 வந்தது. குழாய் துருப்பிடித்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று எழுதவே உட்கார்ந்துவிட்டேன். மனம் கேட்காமல் வால்வுமேனை அழைத்துக்கொண்டு போனேன். சேறு நிறைந்த குழியில் சாவியைப் பொருத்தி, திறக்கும் பக்கமாகச் சுற்றினார். ‘திறந்துதான் சார் இருக்கிறது’ என்றவர், முப்பது சுற்றுக்கு மேல் சுற்றிக்கொண்டே போனார்! எப்போதோ பழுதுபார்க்க அடைத்தவர்கள் மூன்று நான்கு சுற்று மட்டும் திறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மாலையில் மாதிரியில் சி-யை 80 என்று போட்டேன், பொருந்திவிட்டது.

குழாய் நெடுகிலும் நான்கைந்து இடங்களில் அழுத்தம் அளந்து பாருங்கள். சொரசொரப்புதான் காரணம் என்றால் அழுத்தம் தூரத்துக்கேற்பச் சீராகச் சரியும். வால்வு என்றால் ஓரிடத்தில் படி இறங்கியதுபோல் விழும். நீரோட்டத்தை மட்டும் கூட்டிக் குறைத்து இதைப் பிரித்தறிய முடியாது. குழாயின் இழப்பு ஓட்டத்தின் 1.852 அடுக்கிலும் வால்வின் இழப்பு 2 அடுக்கிலும் ஏறுகின்றன. களத்தில் அந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியாது.

இரவு இரண்டு மணிக்கு, தொந்தரவில்லாத நேரத்தில் அளந்தேன். எந்த சி போட்டாலும் பொருந்துகிறதே?

தண்ணீர் ஓடினால்தானே உராய்வு! ஓட்டம் ஐந்தில் ஒரு பங்கானால் இழப்பு ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காகிவிடும். ஹைட்ரண்டையோ கழிவு வால்வையோ திறந்துவிட்டு, ஓட்டத்தையும் சேர்த்து அளங்கள். இரவு அளவுகளைத் தூக்கிப் போடவேண்டாம். கேஜ் பொருத்திய இடங்களின் மட்டங்கள் (உயரங்கள்) மாதிரியில் சரிதானா என்று பார்க்க அவைதான் உதவும். மட்டத்தில் ஒரு மீட்டர் தவறினால் அழுத்தத்திலும் ஒரு மீட்டர் தவறும். அந்தப் பிழையைப் பாவம், சி தலையில் கட்டிவிடுவோம்.

எங்கள் ஊரில் நாள்விட்டு நாள்தான் தண்ணீர். மாதிரியில் வீட்டுத் தேவையை எப்படிக் கொடுப்பது?

அங்கே வீட்டுத் தேவையை நிலையான எண்ணாகக் கொடுப்பதே தவறு. சம்ப்பில் திறந்துகிடக்கும் குழாய், அழுத்தம் எவ்வளவோ அவ்வளவு இழுக்கும். 2020-இல் வந்த இபானெட் 2.2-இல் அழுத்தத்தைச் சார்ந்த தேவைக்கு வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

அழுத்தம் எல்லா இடத்திலும் ஒரு மீட்டருக்குள் பொருந்துகிறது. இனி குளோரின் கணக்குக்கு நம்பலாமா?

பம்பு தேர்வுக்கு நம்புவேன், குளோரினுக்கு மாட்டேன். குளோரின் போகும் வழியில் நேரம் ஆக ஆகக் குறையும்; ஆனால் கடைசித் தெருவுக்குத் தண்ணீர் எத்தனை மணி நேரத்தில் போகிறது என்பதை அழுத்தமானி சொல்லாது. ஃபுளோரைடு சேர்க்கும் அமெரிக்க ஊர்கள் சிலவற்றில் அதைச் சிறிது நேரம் நிறுத்திவிட்டு, ஃபுளோரைடு குறைந்த நீர் எந்த மூலைக்கு எப்போது வருகிறது என்று அளந்திருக்கிறார்கள். நமக்கு நீரில் சேர்க்கக் கொஞ்சம் உப்புக் கரைசலும், அது வந்து சேர்வதைக் காட்ட மின்கடத்துத்திறன் மானியும் போதும்.