லீவுக்கு ஊர் வரும் பிள்ளைகளும் நம்ம அடுக்களையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் தக்கலைக்குப் பக்கம். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடமாகப் புனேயில் இருக்கிறோம். மே மாதம் மூன்று வாரம் அம்மா வீட்டுக்கு வருகிறோம். அந்த லீவில்தான் எட்டு வயது மகளுக்குப் புதுநன்மை, அதாவது கோயிலில் முதல் தடவை நற்கருணை வாங்கும் நாள். போன வருடம் அவளுக்குச் சீலியாக் நோய் இருப்பது ரத்தப் பரிசோதனையிலும் எண்டோஸ்கோப்பியிலும் தெரிந்தது. கோதுமை, மைதா, ரவை எதுவும் கூடாது. போனில் அம்மாவிடம் சொன்னால், "ஒரு நேரம் தின்னா என்ன ஆவப்போவுது மக்களே, எங்க காலத்துல இதெல்லாம் உண்டா" என்கிறார். இன்னொரு ஆசையும் உண்டு. அம்மா சின்ன வயதில் கன்னியர் மடத்தில் ரேந்தை (லேஸ்) போடக் கற்றவர். அவரிடம் கற்றுக்கொண்டு மகளின் முக்காட்டுக்கு நானே ரேந்தை போட வேண்டும். போன லீவில் ஆரம்பித்தேன், சொந்தக்காரர் வீடு வீடாகச் சுற்றியதில் நாலு விரல் நீளம்கூட முடியவில்லை. இந்தத் தடவை இரண்டும் நடக்குமா?
(ஒரு வாசகி, புனே)

பதில்: நடக்கும். ஆனால் ஊருக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் இரண்டுமே நடக்காது.

முதலில் அம்மா. அவர் மேல் கோபப்படாதீர்கள், அவர் இதை அலர்ஜி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், தடிப்பு வந்தால் ஒரு மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்கிற வகை. சீலியாக் அது இல்லை. கோதுமையில் இருக்கும் க்ளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் பிள்ளையின் உடம்பே தன் சிறுகுடலின் உள்சுவரைத் தாக்குகிறது, சத்தை உறிஞ்சுவதற்காக அங்கே சின்னச் சின்ன விரல்கள் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பவை தேய்ந்து போகின்றன, வெளியே வயிற்றுவலிகூட இல்லாமல் உள்ளே இது நடந்துகொண்டிருக்கும். "ஒத்துக்காது" என்று சொன்னால் அம்மாவுக்கு ஏறாது. அளவு சொல்லுங்கள். க்ளூட்டன் இல்லாதது என்று ஒரு பாக்கெட்டில் போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி. ஒரு கிலோ அரிசி மாவில் ஒரு சிட்டிகை மைதா விழுந்தாலே அது தாண்டிவிடும். இதை அம்மாவின் கையில் ஒரு சிட்டிகை மாவை வைத்துக் காட்டியே சொல்லுங்கள். வந்த அன்று ராத்திரி, மற்றவர்கள் வந்து உட்காருவதற்கு முன்னால், ஒரே தடவை, தெளிவாக. எல்லார் முன்னாலும் சாப்பாட்டு நேரத்தில் சொன்னால் அது அம்மாவின் சமையலைக் குறை சொல்வது போலாகிவிடும்.

நல்ல விஷயம் என்னவென்றால், நம்ம ஊர்ச் சாப்பாட்டில் முக்கால்வாசி உங்கள் மகளுக்கு ஆகும். அரிசிப் புட்டு, இடியாப்பம், மரச்சீனிக்கிழங்கு, பயறும் கஞ்சியும், அவியல், தீயல், தேங்காய் அரைத்த மீன்குழம்பு, மட்டிப்பழம், சக்கைப்பழம், இலையில் அவித்த கொழுக்கட்டை, இதில் எதிலும் கோதுமை கிடையாது. இங்கே பயப்பட வேண்டியது பலகாரத்தைப் பார்த்து அல்ல, அது வந்த வழியைப் பார்த்து. எங்கள் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். என் அக்கா மகளுக்கும் இதே நோய். லீவுக்கு வந்திருந்தபோது இடியாப்பத்துக்கு நல்ல பச்சரிசி மாவுதான் எடுத்தேன், ஆனால் முந்தின நாள் மைதா சலித்த அதே அரிப்பில் (சல்லடையில்) சலித்துவிட்டேன். கழுவித்தான் வைத்திருந்தேன். வலைக்கண்களுக்குள் வெள்ளையாக ஒட்டியிருந்தது அப்புறம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ராத்திரி முழுக்கப் பிள்ளை வாந்தி எடுத்தது. எதனால் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு நாள் ஆனது.

அதனால் புதிதாக ஒரு அரிப்பு, ஒரு சிரட்டை அகப்பை, ஒரு தோசைக்கல், ஒரு சின்ன சீனிச்சட்டி (வாணலி) வாங்கி மகள் பெயர் எழுதி வைத்துவிடுங்கள். மரக்கரண்டியும், சப்பாத்தி போட்டுப் பழகிய இரும்புக்கல்லும் எவ்வளவு தேய்த்தாலும் நம்ப முடியாது. அடுத்தது மில். கோதுமை பொடித்த அதே மெஷினில்தான் அடுத்த ஆளின் அரிசியும் விழுகிறது, அந்தப் புட்டுமாவு அவளுக்கு வேண்டாம். அரிசியைக் கழுவி நனைத்து வடியவிட்டு வீட்டு மிக்ஸியில் பொடியுங்கள், உரல் இருந்தால் அம்மா இடிக்கட்டும், மகள் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் படம் வரையட்டும். மூன்றாவது பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம் பலதில் கோதுமை மாவு சேர்ந்திருக்கும், டப்பாவின் பின்பக்கம் வாசித்துப் பார்த்து வாங்குங்கள். சாம்பாருக்கும் ரசத்துக்கும்தான் இந்தச் சிக்கல், நம்ம அவியலுக்கும் தீயலுக்கும் பெருங்காயம் தேவையே இல்லை. டீக்கடை எண்ணெயில் பொரித்த எதுவும் வேண்டாம், பழபஜ்ஜி மைதாவில் முக்கிப் போட்ட எண்ணெயில்தான் பருப்புவடையும் வேகிறது.

விருந்துக்கு முந்திரிக்கொத்து போடுவீர்கள்தானே. பெயரில்தான் முந்திரி, உள்ளே இருப்பது வறுத்துப் பொடித்த சிறுபயறு, வெல்லப் பாகு, தேங்காய், எள், ஏலம். அதை முக்கிப் பொரிக்கும் மேல்மாவில்தான் வீட்டுக்கு வீடு வித்தியாசம், சில வீட்டில் பச்சரிசி மாவு, சில வீட்டில் மைதா கலப்பார்கள். மொத்தத்தையும் அரிசி மாவிலேயே போடச் சொல்லுங்கள், அப்போது மகள் எல்லாப் பிள்ளைகளோடும் ஒரே தட்டில் எடுத்துச் சாப்பிடலாம், அவளுக்கு மட்டும் தனிப் பொட்டலம் என்ற சங்கடம் அன்றைக்கு வேண்டாம். மற்ற விருந்துச் சாப்பாடு வெளியே சமைப்பதானால் அவளுக்கு வீட்டில் முன்கூட்டியே சமைத்து மூடி வைத்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் ரொம்ப முக்கியம். நற்கருணை அப்பமும் கோதுமைதான். க்ளூட்டன் அறவே இல்லாத அப்பத்தைத் திருப்பலிக்குப் பயன்படுத்த முடியாது என்று வத்திக்கான் 2017-இல் மறுபடியும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது, ஆனால் க்ளூட்டன் மிகக் குறைந்த அப்பத்துக்கு அனுமதி உண்டு, அதுவும் ஆகாதென்றால் திராட்சை இரச வடிவில் மட்டும் நன்மை வாங்கலாம். இப்போதே பங்குத்தந்தைக்குப் போன் செய்யுங்கள். குறைந்த க்ளூட்டன் அப்பம் உடனே கிடைக்காது, வரவழைக்க வேண்டும், அது அவளுக்குச் சரிப்படுமா என்று டாக்டரிடமும் கேட்க வேண்டும். இரசம் என்றால் தனிக் கிண்ணம் வேண்டும், ஏனென்றால் பலியில் அப்பத்தின் சிறு துண்டைப் பிட்டு அந்தக் கிண்ணத்தில்தான் போடுகிறார்கள். பிள்ளை தான் மட்டும் வேறு மாதிரி வாங்குகிறோமே என்று வாடிப்போகாமல் இருக்க, ஒரு தடவை கோயிலில் கூட்டம் இல்லாத நேரத்தில் ஒத்திகை பார்க்கக் கேளுங்கள்.

இன்னொன்று, உங்களுக்கும் கணவருக்கும் அந்த ரத்தப் பரிசோதனை எடுத்தாயிற்றா? இது குடும்பத்தில் வரும் நோய். எடுப்பதற்கு முன்னால் மகளுக்குத் துணையாக நீங்களும் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தினால் பரிசோதனையில் சரியாகத் தெரியாது.

சரி, ரேந்தை. இதைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். நாகர்கோவிலில் 1820-களில் மிஷனரி மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து ஆரம்பித்த வேலை இது, அப்புறம் இந்த மாவட்டத்தில் எத்தனையோ பெண்கள் இதில் சொந்தக் காசு கண்டார்கள், உங்கள் அம்மாவின் விரலில் இருப்பது அந்தத் தொடர்ச்சி. ஆனால் திண்டில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பழகும் கை ஒரு நாளைக்கு மூன்று அங்குலம் முடித்தாலே பெரிது. பதினெட்டு நாள் என்றால் 54 அங்குலம். முக்காட்டின் சுற்றளவு முழுவதும் என்று ஆசைப்படாதீர்கள், முகத்தைச் சுற்றி வரும் முன்விளிம்பு மட்டும் போதும். ஒரே ஒரு மாதிரி, அதுவும் அம்மாவுக்குக் கண்ணை மூடினாலும் வருகிற மாதிரி. நூலைப் புனேயிலேயே வாங்கிவிடுங்கள். திண்டையும் கட்டைகளையும் பரணிலிருந்து இப்போதே இறக்கி வைக்கச் சொல்லுங்கள், கட்டையில் பூச்சி அரித்திருந்தால் சரிபண்ண நேரம் வேண்டும்.

நேரம் எப்போது? காலையில் ஐந்தரைக்கு, வெயில் ஏறுவதற்கு முன்னால், அம்மா கட்டஞ்சாயா (பால் சேர்க்காத தேநீர்) போட்டுக்கொண்டு வந்து உட்காரும் அந்த ஒன்றரை மணி நேரம். சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதைச் சாயங்காலம் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், மகளுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுக் கிளம்பினால் அங்கே கேக்கை நீட்டும்போது மறுப்பதும் சுலபம். தங்கையோ நாத்தனாரோ கூட உட்கார ஆசைப்பட்டால் உட்காரட்டும், ஆனால் ஊசியை எடுத்துக் கொடுக்கும் வேலை மகளுக்கு.

கேள்வி: என் பேரனுக்குப் பதினோரு வயசு, துபாயில் படிக்கிறான். போன லீவில் வந்திருந்தபோது சூரை வறுத்துக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் முகமும் கழுத்தும் சிவந்து, தலைவலி, படபடப்பு. கூடச் சாப்பிட்ட அவன் மாமாவுக்கும் லேசாக முகம் சிவந்தது. அதற்கு முன்னால் சாளையும் நெத்திலியும் எத்தனையோ தடவை தின்றிருக்கிறான், ஒன்றும் ஆனதில்லை. மருமகள் இனிமேல் மீனே கிடையாது என்கிறாள். கடற்கரையில் பிறந்த எனக்கு மனசு கேட்கவில்லை. அவன் வேறு, இந்த லீவில் நம்ம ஊர் மீன் எல்லாம் படம் வரைந்து ஒரு நோட்டுப் போடப்போகிறேன் பாட்டி என்கிறான்.
(ஒரு வாசகி, குளச்சல்)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் ஒரு முக்கியமான துப்பு இருக்கிறது, மாமாவுக்கும் சிவந்தது என்றீர்களே, அது. அலர்ஜி என்றால் சாதாரணமாக ஒருத்தருக்குத்தான் வரும். சூரை, அயலை, சாளை மாதிரி மீன்களைப் பிடித்த பிறகு சரியாக ஐஸில் வைக்காவிட்டால், கிருமிகள் அந்தச் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கிவிடும். அது உடம்புக்குள் போனால் அச்சு அசல் அலர்ஜி மாதிரியே சிவப்பு, தலைவலி, படபடப்பு எல்லாம் வரும். எவ்வளவு வறுத்தாலும் கொதிக்கவைத்தாலும் அது போகாது. மீன் பார்வைக்கு நன்றாகவே இருக்கலாம், அதனால் உங்கள் கைமேல் குற்றம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனாலும் இது எனக்குத் தோன்றுவது மட்டும்தான், முடிவு செய்ய வேண்டியது டாக்டர். அலர்ஜி பார்க்கும் டாக்டரிடம் நீங்கள் எனக்கு எழுதிய இதே விவரத்தை, கூட யாருக்கு என்ன ஆனது என்பது உட்பட, சொல்லச் சொல்லுங்கள். அவர் சரி என்று சொல்கிற வரைக்கும் பேரனுக்கு மீன் கொடுக்காதீர்கள், மருமகள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. எப்போதாவது மூச்சு இழுத்தாலோ உதடு, நாக்கு வீங்கினாலோ, வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

டாக்டர் சம்மதித்த பிறகு மீன் வாங்குவதற்குக் காலம் பாருங்கள். நம்ம மேற்குக் கடற்கரையில் விசைப்படகுத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, கிழக்குக் கடற்கரையில், சின்னமுட்டம் பக்கம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. தடைக்காலத்தில் வெளியிலிருந்து வண்டியில் வரும் மீன் எத்தனை நாள் பழையது என்று நமக்குத் தெரியாது. அந்த நாட்களில் வள்ளத்தில் போய்விட்டு அன்றைக்கே கரைக்கு வருகிற மீனை மட்டும் வாங்கி, வாங்கின கையோடு ஐஸில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

நோட்டுக்கு மீன் சாப்பிட வேண்டிய அவசியமே இல்லையே. டாக்டர் சொல்கிற வரைக்கும் கையால் தொடாமல் பார்த்து வரையட்டும். விடியற்காலையில் ஏலம் நடக்கும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அயலையின் முதுகில் இருக்கும் அந்தக் கோடுகளை முதலில் வரையச் சொல்லுங்கள். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் நீங்கள் சொல்லும் பெயரை அப்படியே எழுதட்டும், புத்தகப் பெயர் வேண்டாம், உங்கள் வாயில் வருகிற பெயர்.

கேள்வி: அபுதாபியிலிருந்து ஒரு மாத லீவில் வருகிறேன். பால் குடித்தால் வயிறு உப்பி, வெளியே ஓட வேண்டிவருகிறது. போகிற வீட்டில் எல்லாம் பால் சாயாவும் பாயசமும். வாட்டர்கலரில் ஊரை வரைய ஆசை, எங்கே தொடங்கலாம்?
(ஒரு வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: பாலில் உள்ள லாக்டோஸை உடைக்கும் என்ஸைம் வயசாக ஆக நம்மில் நிறையப் பேருக்குக் குறைந்துவிடுகிறது, உங்களுக்கும் அதுவாகத்தான் இருக்கும், ஒரு தடவை காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "மாமி, எனக்குக் கட்டஞ்சாயா போதும்" என்று சொல்லிவிட்டால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள், சாயா ஆற்றிக் கையில் கொடுத்த பிறகு சொன்னால்தான் வருத்தம். அடைப் பிரதமன் தேங்காய்ப்பாலில் வைத்தது என்றால் தாராளமாகக் குடிக்கலாம், ஆனால் கடைசியில் கொஞ்சம் பசும்பால் ஊற்றினார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நெய்யில் லாக்டோஸ் இல்லாத மாதிரிதான், தயிர் அளவாகப் பலருக்கு ஒத்துக்கொள்ளும்.

வரைய மாத்தூர் தொட்டிப்பாலத்தில் தொடங்குங்கள். 1966-இல் கட்டியது, பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் தண்ணீர் போகிறது. எல்லாரும் மேலே நடந்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள், நீங்கள் படியிறங்கிக் கீழே ஆற்றங்கரைக்குப் போய்த் தூண்களை அண்ணாந்து பாருங்கள், காலை எட்டு மணிக்குள் போனால் தூணின் நிழல் நீளமாக விழும். அடுத்து பத்மநாபபுரம் அரண்மனை, திங்கட்கிழமை விடுமுறை. அந்தப் பளபளக்கும் கறுப்புத் தரையில் ஜன்னல் வெளிச்சம் விழுவதை வாட்டர்கலரில் பிடிப்பது கஷ்டம், அதனால் அதைக் கடைசி வாரத்துக்கு வையுங்கள்.