ரோமில் நாலு நாள்: முழங்கால் வலியோடு எப்படிச் சுற்றுவது?

கேள்வி: மே மாதம் வியாழன் முதல் ஞாயிறு வரை நானும் மனைவியும் ரோமில் இருப்போம். வெள்ளிக்கிழமை கொலோசியம், ஃபோரம் (பழைய ரோமின் பொதுச் சதுக்க இடிபாடுகள்), பாந்தியன் (பழைய ரோமானியக் கோயில்); ஞாயிறு வத்திக்கான் மியூசியம் என்று போட்டிருக்கிறேன். மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. சரிப்படுமா?

பதில்: முதலில் ஞாயிற்றுக்கிழமையை மாற்றுங்கள். வத்திக்கான் மியூசியத்துக்கு அன்று விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள். அந்த வரிசையில் முழங்கால் வலியோடு நிற்கவே முடியாது.

மியூசியத்துக்கு வெள்ளி காலை, கிடைக்கிற முதல் நேரத்துக்கே முன்பதிவு செய்யுங்கள். சிஸ்டைன் சேப்பல் கிட்டத்தட்ட கடைசியில்தான் வரும். வழியில் எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்கிறேன் என்று கிளம்பினால் அங்கே போவதற்குள் கால் ஓய்ந்துவிடும். சேப்பலின் சுவரோரம் பெஞ்ச் இருக்கிறது. இடம் கிடைத்ததும் மனைவியை உட்கார வையுங்கள், மைக்கேலாஞ்சலோ ஓவியம் தீட்டிய கூரையை உட்கார்ந்து பார்ப்பதுதான் சுகம். அப்புறம் புனித பேதுரு பேராலயம். அதன் குவிமாடத்துக்கு 551 படிகள். லிஃப்டில் போனாலும் 320 படி மிச்சம். விட்டுவிடுங்கள். மைக்கேலாஞ்சலோவின் பியெத்தா சிலை (இறந்த இயேசுவை மடியில் ஏந்திய மரியாள்) பேராலயத்துக்குள் நுழைந்ததும் வலப்பக்கமே இருக்கிறது.

சனிக்கிழமை கொலோசியம். உள்ளே லிஃப்ட் உண்டு. டிக்கெட்டில் பெயர் போடுவார்கள், அது பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். அதே டிக்கெட்டில் ஃபோரமும் சேரும், ஆனால் அங்கே நிழல் குறைவு, பழைய ரோமானியக் கல்பாதை மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். அவரை அதில் நடத்த வேண்டாம் என்பேன். ஃபோரத்தை ஒட்டிய கேபிட்டோலைன் குன்றின் பின்புறம் நின்றால் ஃபோரம் முழுவதும் கண்ணெதிரே தெரியும். அதற்குக் காசும் இல்லை.

பாந்தியனை வந்திறங்கும் வியாழன் மாலைக்கு வையுங்கள், தரை சமதளம். அங்கிருந்து சில நிமிட நடையில் சான் லூயிஜி தேய் ஃபிரான்செசி தேவாலயம். இதை மட்டும் தவறவிடாதீர்கள். இடப்பக்கக் கடைசிச் சிற்றாலயத்தில் ஓவியர் கரவாஜ்ஜோ இயேசுவின் சீடர் மத்தேயுவைப் பற்றி வரைந்த ஓவியங்கள் மூன்று இருக்கின்றன. இருட்டாக இருந்தால் பக்கத்துப் பெட்டியில் நாணயம் போடுங்கள், விளக்கு எரியும். இடப்பக்கச் சுவர் ஓவியத்தில், காசு எண்ணும் மேசையைச் சுற்றி, வரி வசூலிக்கும் மத்தேயுவும் இன்னும் சிலரும். வலமிருந்து இயேசு கை நீட்டி மத்தேயுவை அழைக்கிறார், அவர் பக்கமிருந்தே வெளிச்சம் சாய்வாக உள்ளே வந்து அந்த முகங்களில் விழுகிறது. 1600 வாக்கில் வரைந்தது. இத்தனைக்கும் நுழைவு இலவசம். மதியம் கொஞ்ச நேரம் மூடுவார்கள், அதனால்தான் மாலை என்றேன்.

ஞாயிறு போர்கேசே கேலரி. முன்பதிவு கட்டாயம், இரண்டு மணி நேரம்தான் அனுமதி என்பது உங்களுக்கு நல்லதே. சிற்பி பெர்னினியின் அப்பல்லோ, டாஃப்னி சிலையைச் சுற்றி வந்து பாருங்கள். துரத்தும் அப்பல்லோ தேவனிடமிருந்து தப்ப டாஃப்னி மரமாக மாறும் புராணக் கதை அது: ஓடுகிறவளின் விரல் நுனிகள் இலையாகத் துளிர்க்கும், எல்லாம் பளிங்கு. வெளியே பெரிய பூங்கா, உட்கார நிழல் நிறைய.

தெருக்களில் பாதி இடம் சிறு கருங்கல் பதித்தது. அதனால் அடி தடித்த ஷூ வேண்டும். தெருவோரக் குழாய்களில் எப்போதும் ஓடும் தண்ணீர் குடிக்க நல்லது; குழாய் வாயை விரலால் அடைத்தால் மேலேயுள்ள துளை வழியாகப் பீய்ச்சும், குனிய வேண்டாம். ஹோட்டல் போடும்போது லிஃப்ட் இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள், நடுநகரின் பழைய கட்டடங்கள் பலவற்றில் கிடையாது.