பசுக்களை இன்று யார் கறப்பார்கள்? ஐரிஷ் உழவர் குடும்பங்கள் குறித்த கேள்வி பதில்

அயர்லாந்தின் தெற்கே, கார்க் மாவட்டத்தின் வடபகுதியில் பதினொரு ஆண்டுகளாக வசித்து வருகிறேன். பண்ணைக் குடும்பங்கள் திருமணத்துக்கோ கடற்கரைக்கோ புறப்படும் நாள்களில் அவர்களுக்குப் பதிலாகச் சென்று பசுக்களைக் கறந்து கொடுப்பது என் வேலை. ஆகவே, அவர்கள் எப்போது வெளியே போகிறார்கள், எப்போது போக முடியாமல் நின்றுவிடுகிறார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்து வருகிறேன். வந்திருந்த கேள்விகளில் ஒன்பதுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, அங்கே ஒரு பால் பண்ணைக்காரரின் அன்றாடம் எப்படி இருக்கும்? ஆண்டு முழுவதும் ஒரே மாதிரிதானா?

பதில்: ஒரே மாதிரி இல்லை. இங்கே பெரும்பாலான பசுக்கள் தை மாதக் கடைசியில் தொடங்கிப் பங்குனி வரையிலான சில வாரங்களுக்குள் கன்று ஈனும்படி பண்ணைக்காரர்கள் முன்கூட்டியே திட்டமிடுகிறார்கள். மாட்டுக்கு மிக மலிவான தீனி மேய்ச்சல் புல்தான். அந்தப் புல் வளரத் தொடங்கும் வேளையில் பாலும் பெருகினால்தான் கணக்குக் கட்டும். ஆகவே பிப்ரவரியும் மார்ச்சும் தூக்கமற்ற மாதங்கள். ஒரு சராசரிப் பால் பண்ணையில் ஏறத்தாழ 90 பசுக்கள் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரே இரவில் ஐந்தாறு பசுக்கள் ஈனுவதும் உண்டு. கொட்டகையில் கேமரா பொருத்தி, படுக்கையில் இருந்தபடியே கைப்பேசியில் பார்த்துக்கொள்ளும் வசதி இப்போது வந்துவிட்டது. ஆனால் கால் திரும்பிய கன்றைக் கேமரா வெளியே எடுத்துவிடாது. இரவு இரண்டு மணியானாலும் எழுந்துதான் போக வேண்டும்.

கோடையில் காலை ஆறரை மணி அளவில் முதல் கறவை, மாலை நான்கரை மணி அளவில் இரண்டாம் கறவை. பல வீடுகளில் முதன்மையான உணவு இரவில் இல்லை, நண்பகலில்தான்: உருளைக்கிழங்கு, இறைச்சி, முட்டைக்கோஸ், கூடவே வானொலியில் பகல் ஒரு மணிச் செய்தி. டிசம்பரில் பசுக்களுக்குப் பால் வற்ற விட்டு ஓய்வு கொடுக்கிறார்கள். கிறிஸ்துமஸை ஒட்டிய அந்தச் சில வாரங்கள்தான் கறவை இல்லாத காலம். அப்போதும் தீனி வைப்பதும் சாணம் அள்ளுவதும் இருக்கும் என்றாலும், வீட்டுக்காரரின் முகத்தில் வேறு ஒரு நிம்மதி தெரியும். ஊர்க் கூடத்தில் சீட்டாட்டப் போட்டிகள் களைகட்டுவதும் இந்தக் காலத்தில்தான். இருபத்தைந்து, நாற்பத்தைந்து என்று எண்களாலேயே பெயர் பெற்ற ஆட்டங்கள் அவை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் வெற்றி பெற்றவருக்கு ஒரு வான்கோழி பரிசாகக் கிடைப்பதும் உண்டு.

கேள்வி: குடும்பத்தோடு சுற்றுலா போவது உண்டா? ஒரு வாரம் விடுமுறை எடுக்க முடியுமா?

பதில்: ஒரு வாரம் என்பது அரிது; ஒரு நாள் என்பதே ஏற்பாடு செய்து பெற வேண்டிய ஒன்று. மே மாதக் கடைசியில் குளிர்காலத் தீனிக்கான புல்லை வெட்டி, நெகிழித் தாளால் மூடிப் புளிக்க வைக்கிறார்கள். அதைச் சைலேஜ் என்பார்கள். முதல் வெட்டு முடிந்த பிறகே மனம் கொஞ்சம் தளரும். எங்கள் பகுதிக் குடும்பங்கள் கெர்ரி மாவட்டத்தின் பாலிபனியனுக்கோ, கார்க் கடற்கரையில் உள்ள யோலுக்கோ காரில் கிளம்பும்.

நான் கறந்து கொடுக்கும் ஒரு வீட்டாரோடு ஒருமுறை நானும் கடற்கரைக்குப் போயிருந்தேன். அன்று வீட்டுக்காரரின் மைத்துனர் மாடுகளைப் பார்த்துக்கொண்டார். காரின் பின்புறம் ரப்பர் காலணிகள், அலுமினியத் தாளில் சுற்றிய ஹாம் சாண்ட்விச்சுகள், இரண்டு பிளாஸ்க் நிறையத் தேநீர். ஒன்றரை மணி நேரப் பயணத்தில் வீட்டுக்காரர் சாலையைப் பார்த்ததைவிட வேலிக்கு அப்பால் இருந்த புல்லைப் பார்த்ததே அதிகம்; "இவர் இன்னும் வெட்டவில்லையே", "அங்கே உரம் சமமாக விழவில்லை" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். குழந்தைகள் குளிர்ந்த நீரில் அலறிக்கொண்டு குதித்தபோது, அவர் மட்டும் காலணியைக் கழற்றாமல் மணலில் நின்று, மேற்கே திரளும் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு மணிக்கு மைத்துனரிடமிருந்து "எல்லாம் சரி" என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதன் பிறகுதான் அவர் ஐஸ்கிரீம் வாங்கப் போனார்.

ஆகஸ்ட் 15, மரியன்னையின் விண்ணேற்புத் திருநாள், கடலுக்குப் போகும் நாளாகப் பல தலைமுறைகளாக இருந்து வந்திருக்கிறது. வைக்கோல் வேலை முடிந்த குடும்பங்கள் அன்று கடல்நீரில் கால் நனைப்பதை உடலுக்கு நல்லது என்று நம்பின. அதற்குச் சில நாள்கள் முன்பு, ஆகஸ்ட் 10 முதல் 12 வரை, கெர்ரியின் கில்லோர்க்லின் ஊரில் பக் திருவிழா நடைபெறும். மலையிலிருந்து பிடித்து வந்த ஒரு காட்டு ஆட்டுக்கடாவுக்கு அரசனாக முடிசூட்டிக் கொண்டாடுவார்கள். குதிரைச் சந்தையும் மாட்டுச் சந்தையும் உண்டு. குளிர்காலத்தில் டிசம்பர் 8 திருநாள் அன்று கிராமத்தார் திரண்டு டப்ளினுக்குக் கிறிஸ்துமஸ் பொருள் வாங்கப் போவது ஒரு காலத்தில் பெரிய வழக்கம். இப்போது அது மெலிந்துவிட்டது.

கேள்வி: 'உழவுப் போட்டி' என்று ஒன்றைக் கேள்விப்பட்டேன். நிலத்தை உழுவதைப் பார்க்கவா அத்தனை பேர் கூடுகிறார்கள்?

பதில்: ஆம், ஆனால் உழவு மட்டும் காரணம் இல்லை. இரண்டு மாவட்டத்தாருக்கு இடையில் யாருடைய உழவு சிறந்தது என்று எழுந்த வாதத்தில் பிறந்து, 1931ஆம் ஆண்டு கில்டேர் மாவட்டத்தின் அதாய் ஊருக்கு அருகே முதலில் நடந்த தேசிய உழவுப் போட்டி, இன்று செப்டம்பரில் மூன்று நாள் நடக்கும் பெருவிழாவாக வளர்ந்திருக்கிறது. அண்மைய ஆண்டுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகிறார்கள். சால் நேராக இருக்கிறதா, பழைய புல் முழுவதும் புதைந்திருக்கிறதா, ஆழம் சீராக இருக்கிறதா என்று நடுவர்கள் குனிந்து பார்த்து மதிப்பெண் இடுவார்கள். டிராக்டர் உழவுக்கு அருகிலேயே குதிரை பூட்டிய கலப்பையும் ஓடும். நான் போன இரண்டு முறையும் அந்தப் பகுதியில்தான் முதியவர்கள் நெடுநேரம் நின்றார்கள். கலப்பையின் கொழு மண்ணில் இறங்கும் ஓசையைக் கேட்கவே வந்தவர்கள்போல ஒருவரும் பேசாமல் நின்றார்கள்.

மற்றவர்கள் புதிய இயந்திரங்களைப் பார்க்கவும், வங்கிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் அமைத்த கூடாரங்களில் தேநீர் குடிக்கவும் வருகிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் வேளாண் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவரைச் சேற்றில் நின்றபடி தற்செயலாகச் சந்தித்து ஒரு மணி நேரம் பேசுவதுதான் உண்மையான ஈர்ப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. அறுவடைக்கும் குளிர்காலத்துக்கும் இடைப்பட்ட காலம் என்பதால் செப்டம்பர் பொருத்தமாகவும் இருக்கிறது.

கேள்வி: ஐரிஷ்காரர்கள் என்றாலே பப் என்கிறார்கள். உழவர்களும் அங்கேதான் கூடுகிறார்களா?

பதில்: முன்பு கூடினார்கள், இப்போதும் சிலர் கூடுகிறார்கள். ஆனால் வண்டி ஓட்டுவோருக்கான மது அளவின் வரம்பை 2011இல் அரசு குறைத்தது. அடுத்த வீடே இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊர்களில், பேருந்தும் வாடகைக் காரும் இல்லாதவர்களுக்கு அது பப்பின் கதவை மூடியதற்குச் சமமாயிற்று. சாலைகளில் உயிர்கள் காக்கப்பட்டன என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், வாரத்தில் ஒரு மாலை மட்டும் வெளியே வந்துகொண்டிருந்த தனிக்கட்டை முதியவர் வீட்டிலேயே முடங்கிவிட்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்று ஊரின் நடுவம் விளையாட்டுத் திடல்தான். 1884இல் டிப்பரரி மாவட்டத்தின் தர்லஸ் ஊரில் தொடங்கப்பட்ட கேலிக் விளையாட்டுக் கழகம் பங்கு வாரியாக அமைந்திருக்கிறது. எந்தப் பங்குக் கோவிலின் எல்லைக்குள் பிறந்தீர்களோ பெரும்பாலும் அந்த அணிக்குத்தான் ஆடுவீர்கள். எங்கள் பகுதியில் மட்டையும் சிறு பந்தும் கொண்டு ஆடும் ஹர்லிங் உயிர்மூச்சு. வீரர்களுக்குச் சம்பளம் கிடையாது. டப்ளினின் குரோக் பார்க் அரங்கில் எண்பதாயிரம் பேர் முன்னிலையில் ஞாயிறன்று ஆடிய இளைஞர் திங்கள் காலையில் கறவைக் கொட்டகையில் நிற்பதும் இங்கே நடக்கக்கூடியதுதான்.

கேள்வி: அயர்லாந்துக்குப் புதிதாக வந்திருக்கிறேன். பக்கத்துப் பண்ணைக்காரரோடு பழக விரும்புகிறேன். என்ன பேசலாம், எதைத் தவிர்க்கலாம்?

பதில்: "உங்களுக்கு எத்தனை ஏக்கர்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். வங்கியில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பதற்கு அது ஒப்பாகும். எத்தனை மாடுகள் என்பதும் அப்படித்தான். வானிலையில் தொடங்குங்கள், அது ஒப்புக்குப் பேசும் பேச்சன்று, அவருடைய அந்த வாரம் முழுவதும் அதில் இருக்கிறது. குறுகிய சாலையில் எதிரே வரும் வண்டியின் ஓட்டுநர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தினால், அது உங்களுக்கான வணக்கம். நீங்களும் உயர்த்துங்கள்.

கேள்வி: மாட்டுச் சந்தையில் கைகுலுக்கலில் விலை முடிப்பார்கள் என்று படித்தேன். இன்னும் உண்டா?

பதில்: தெருச் சந்தைகள் இருந்த காலத்தில் விற்பவர், வாங்குபவர், இருவரையும் இழுத்து வந்து கைகளைச் சேர்த்து வைக்கும் தரகர் என மூவர் இருப்பார்கள். பேரம் முடிந்ததும் விற்றவர் ஒரு சிறு தொகையை வாங்கியவரிடமே திருப்பிக் கொடுப்பார். அதற்கு 'அதிர்ஷ்டக் காசு' என்று பெயர். 1950களிலிருந்து ஏலமுறை மார்ட்டுகள் பெருகின. இப்போது மின்திரையில் எடையும் விலையும் ஓடுகின்றன. இணையத்திலும் ஏலம் கேட்கலாம். ஆனாலும் விற்கவோ வாங்கவோ எதுவும் இல்லாதவர்களும் மார்ட்டுக்கு வந்து, மாடுகளைக் காட்டும் வளையத்தைச் சுற்றியுள்ள கம்பியில் முழங்கையை ஊன்றி நிற்கிறார்கள். அங்குள்ள உணவகத்தின் மதியச் சாப்பாடு சிலருக்கு அந்த வாரத்தில் நான்கு பேரோடு உட்கார்ந்து உண்ணும் ஒரே வேளை.

கேள்வி: சாவு வீட்டுக்கு ஊரே திரளும் என்கிறார்களே, உண்மையா அம்மா?

பதில்: உண்மை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன். இங்கே உள்ளூர் வானொலிகள் அன்றாடம் இறப்பு அறிவிப்புகளை வாசிக்கின்றன. அந்த நேரத்தில் பல சமையலறைகளில் பேச்சு நின்றுவிடும். உடலை வீட்டிலேயே வைத்து ஓர் இரவு காத்திருப்பதை 'வேக்' என்பார்கள். மக்கள் வரிசையாக வந்து குடும்பத்தினர் ஒவ்வொருவரின் கையையும் பற்றி, "உங்கள் துயரத்துக்கு வருந்துகிறேன்" என்று ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நகர்வார்கள். பிறகு தேநீர், சாண்ட்விச், மறைந்தவரைப் பற்றிய கதைகள், நடுநடுவே சிரிப்பு. அந்தச் சிரிப்பு முதலில் எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. இறந்தவரின் வாழ்நாளை ஒன்றுகூடி நினைவுக்குக் கொண்டுவரும் வழி அது என்று பிறகு புரிந்தது.

ஐரிஷ் மொழியில் 'மெஹல்' என்று ஒரு சொல் உண்டு. அண்டை வீட்டார் ஒன்றுகூடி, கூலி வாங்காமல், ஒருவர் வயலில் இன்று, மற்றவர் வயலில் நாளை என்று முறைவைத்து உழைப்பதைக் குறிக்கும். கதிரடிக்கும் நாள்களில் அதுதான் வழக்கம். அந்த நாளின் விருந்தும் பாட்டும் ஊரின் கொண்டாட்டம். இயந்திரங்களோடு ஒப்பந்தக்காரர்கள் வந்த பின் அது குறைந்துவிட்டது. ஆனால் துயரம் வரும்போது திரும்பி வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் நான் வழக்கமாகக் கறக்கும் ஒரு வீட்டில் பெரியவர் இரவில் மாரடைப்பால் இறந்துவிட்டார். செய்தி அறிந்து காலை ஆறு மணிக்கு நான் போனபோது, கொட்டகையில் விளக்கு ஏற்கனவே எரிந்துகொண்டிருந்தது. அண்டை வீட்டுக்காரர் மூவர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலேயே தனித்தனியாக வந்திருந்தார்கள். ஒருவர் மாடுகளை ஓட்டி வந்தார், ஒருவர் கன்றுகளுக்குப் பால் ஊற்றினார், ஒருவர் என்னோடு கறப்பவர்கள் நிற்கும் குழியில் இறங்கி நின்று மடி துடைத்தார். அதில் இருவர், வேலி எல்லைத் தகராறில் அந்தப் பெரியவரோடு பல ஆண்டுகள் பேசாதிருந்தவர்கள். அடக்கம் முடியும் வரை மூன்று நாளும் வந்தார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் ஒரு வேளைகூடக் கொட்டகைக்கு வர வேண்டியிருக்கவில்லை.

கேள்வி: பெண்களின் நிலை என்ன? இளைஞர்கள் பண்ணையில் தங்குகிறார்களா?

பதில்: இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன். 1910இல் வெக்ஸ்ஃபோர்ட் மாவட்டத்தின் பிரீ என்னும் ஊரில் தொடங்கிய பெண்கள் அமைப்பு, இன்று ஐரிஷ் நாட்டுப்புறப் பெண்கள் சங்கம் என்ற பெயரில் இயங்குகிறது. கைவினையும் சமையலும் கற்பித்ததோடு, கிராம வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் வர வேண்டும் என்று வாதாடிய சங்கம் அது. திருமணமான பெண்கள் அரசுப் பணியில் நீடிக்கக் கூடாது என்ற விதி 1973 வரை இருந்த நாடு இது. இன்று பல பண்ணைகளில் மனைவி ஆசிரியராகவோ செவிலியராகவோ ஈட்டும் சம்பளமே வீட்டை நிமிர்த்தி வைக்கிறது. அவர் மாலையில் கறவையிலும் நிற்கிறார். ஆயினும் 2020ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி, பண்ணை உரிமையாளர்களில் பெண்கள் சுமார் 13 விழுக்காடுதான். இது மாற வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

அதே கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1,35,000 பண்ணைகள்; உரிமையாளர்களில் மூன்றில் ஒருவர் 65 வயதைக் கடந்தவர். கிராமத்து இளைஞர்களுக்காக 1944இல் தொடங்கிய மாக்ரா என்னும் அமைப்பு நாடகம், விவாதம், விளையாட்டு, நடனம் என்று அவர்களைக் கூட்டி வைக்கிறது. அங்கே சந்தித்துத் திருமணம் செய்துகொண்ட இணையர் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். கிளேர் மாவட்டத்தின் லிஸ்டூன்வார்னாவில் செப்டம்பரில் நடக்கும் வரன் பார்க்கும் விழாவும் அறுவடை முடித்து வரும் தனியாள்களுக்காகத் தோன்றியதுதான்.

கேள்வி: ஒரு பண்ணை வீட்டுக்கு எங்களையும் குழந்தைகளையும் அழைத்திருக்கிறார்கள். எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

பதில்: ரப்பர் காலணி அணிந்து செல்லுங்கள், வேறு பண்ணைக்குப் போய் வந்த காலணி என்றால் நன்றாகக் கழுவிவிடுங்கள், கால்நடை நோய் அப்படித்தான் பரவும். மூடியிருந்த வாயிற்கதவை மூடுங்கள், திறந்திருந்ததைத் திறந்தே விடுங்கள். குழந்தைகளை ஒருபோதும் தனியே விடாதீர்கள். 14 வயதுக்குக் குறைந்தவர்கள் பண்ணையில் டிராக்டர் ஓட்டுவது சட்டப்படி குற்றம்; கன்று ஈன்ற பசுவின் அருகே பெரியவர்களே எச்சரிக்கையாகத்தான் போக வேண்டும்.

முன்வாசலைத் தட்டாதீர்கள், அது பாதிரியாருக்கும் விருந்து நாள்களுக்கும் உரியது. பின்வாசல் வழியாகச் சமையலறைக்குள் போங்கள். தேநீர் வேண்டுமா என்று கேட்பார்கள். இங்கே முதல் முறை மறுப்பது மரியாதை, இரண்டாம் முறை வற்புறுத்துவது அவர்களுடைய மரியாதை. மூன்றாம் முறையும் மறுத்தால் மனம் வருந்துவார்கள். கொஞ்சம் கனிவான வீடென்றால், நீங்கள் விடை சொல்லி முடிப்பதற்குள் கெண்டி கொதிக்கத் தொடங்கியிருக்கும். நான்கு மணி நெருங்கும்போது வீட்டுக்காரர் சன்னல் பக்கம் பார்த்தால் புறப்படுங்கள், அல்லது கறவைக்கு உடன் வரலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும், பழைய மேலங்கி ஒன்றைத் தேடி எடுத்து உங்கள் கையில் கொடுப்பார்.