வாசகர் கேள்வி – பதில்: நான்கு செல் பற்றரியும் கருகிய ஈ.எஸ்.சி.யும்

கேள்வி: ஐயா, றிமோட் கொன்ட்ரோலில் பறக்கும், 1.2 மீற்றர் இறக்கையகலமுள்ள ஃபோம் விமானமொன்றை நானே செய்து, 1000 கே.வி. மோட்டர், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 அம்பியர் ஈ.எஸ்.சி., 10 அங்குலப் புரொப்பெல்லர், மூன்று செல் 2200 எம்.ஏ.எச். கொள்ளளவுள்ள லிப்போ (லித்தியம் பொலிமர்) பற்றரி ஆகியவற்றைப் பொருத்திப் பறக்கவிட்டு வந்தேன். வேகம் கூடும் என்று நண்பர் சொன்னதால் நான்கு செல் பற்றரியை மாட்டினேன். ஒரு நிமிடத்துக்குள் ஈ.எஸ்.சி. தொட முடியாதபடி சூடாகி, கருகல் மணம் வந்தது. அது தரமற்றதா?
– உயர்தர மாணவர், கல்முனை

பதில்: ஈ.எஸ்.சி.யைக் குறை சொல்ல முடியாது. அதன் மேல் எழுதியுள்ள 30 அம்பியர் என்பது அது தாங்கக்கூடிய எல்லை. உண்மையில் எத்தனை அம்பியர் பாயும் என்பதைத் தீர்மானிப்பது பற்றரியின் மின்னழுத்தமும் புரொப்பெல்லரின் அளவும்தான். 1000 கே.வி. மோட்டர் சுமையின்றி ஒரு வோல்ற்றுக்கு நிமிடத்தில் 1000 சுற்று சுழலும். மூன்று செல்லின் 11.1 வோல்ற்றிலிருந்து நான்கு செல்லின் 14.8 வோல்ற்றுக்குப் போகும்போது அழுத்தம் மூன்றிலொரு பங்குதான் கூடுகிறது; ஆனால் அதே புரொப்பெல்லரைச் சுழற்றத் தேவையான மின்னோட்டம் ஏறத்தாழ அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், முன்பு, உதாரணமாக, 22 அம்பியர் எடுத்த மோட்டர் இப்போது 39 அம்பியர் அளவில் கேட்கும். நடைமுறையில் இது சற்றுக் குறையலாம், ஆனாலும் 30ஐத் தாண்டிவிடும். கருகல் மணம் வந்த ஈ.எஸ்.சி.யை, இப்போது இயங்கினாலும்கூட, இனி வானில் நம்பாதீர்கள்.

நான்கு செல்தான் வேண்டுமென்றால் புரொப்பெல்லரைக் குறையுங்கள். விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பச் சுமை மாறும் என்பதால், 10 அங்குலத்தை 9 ஆக்கினாலே அந்த 39 அம்பியர் 26க்கு அருகில் இறங்கிவிடும். இவை கணக்கு மட்டுமே. பற்றரிக்கும் ஈ.எஸ்.சி.க்கும் நடுவில் வாற் மீற்றரை இணைத்து, விமானத்தை அசையாமல் கட்டி, புரொப்பெல்லரின் தளத்திலிருந்து விலகிப் பின்னால் நின்று, சில விநாடிகள் முழுத் திறொட்டில் (மோட்டரின் முழு வேகம்) கொடுத்துப் பார்த்த பின்பே முடிவெடுங்கள். அளந்த எண்ணுக்கு மேல் கால் பங்காவது கூடுதலாகத் தாங்கும் ஈ.எஸ்.சி.யை வாங்குங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனெனில் எனக்கு அதுவே பெரிய கவலை. சமிக்ஞையைப் பெறும் ரிசீவருக்கும், இறக்கை, வால் தகடுகளை அசைக்கும் சேர்வோக்களுக்கும் 5 வோல்ற் தருவது ஈ.எஸ்.சி.க்குள் இருக்கும் பி.ஈ.சி. என்ற பகுதி. அது லீனியர் வகையாக இருந்தால் மிகுதி வோல்ற்றை வெப்பமாகவே கழிக்கும்: சேர்வோக்கள் 1 அம்பியர் எடுக்கையில் மூன்று செல்லில் 6 வாற் அளவு வெப்பம், நான்கு செல்லிலோ ஏறத்தாழ 10 வாற். அது சூடேறி நின்றுவிட்டால் மோட்டரோடு கட்டுப்பாடும் போய்விடும். கல்லடிக் கடற்கரையில் மக்கள் நிற்கும் பக்கமாக அந்த விமானம் திரும்பினால் உங்களால் எதுவும் செய்ய முடியாது. ஆகவே நான்கு செல்லுக்குத் அவ்வளவு சூடாகாத சுவிச்சிங் வகை பி.ஈ.சி. ஒன்றைத் தனியாகப் பூட்டி, ஈ.எஸ்.சி.யிலிருந்து ரிசீவருக்குப் போகும் மூன்று வயர்களில் நடுவிலுள்ள சிவப்பை மட்டும் கழற்றி, முனையை மூடி ஒட்டிவிடுங்கள்.

பற்றரியை இணைத்த கணத்திலிருந்து புரொப்பெல்லர் எப்போதும் சுழலலாம் என்றே நடந்துகொள்ளுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் நான் வீட்டு மேசையில் சேர்வோக்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, ட்ரான்ஸ்மிற்றரின் கழுத்துப்பட்டி திறொட்டில் கம்பில் சிக்கி அதை மேலே தள்ளியது. என் ஆட்காட்டி விரலில் மூன்று தையல். அந்தத் தழும்பில் மழைக்காலத்தில் இன்றும் விறைப்பு உண்டு. அன்றிலிருந்து மேசை வேலை எதுவானாலும் முதலில் புரொப்பெல்லரைக் கழற்றிவிடுகிறேன். ட்ரான்ஸ்மிற்றரை முதலில் போட்டுப் பின்பு பற்றரியை இணைப்பதும், இறங்கியதும் பற்றரியை முதலில் கழற்றுவதும், திறொட்டிலை முற்றாக நிறுத்தும் சுவிச் ஒன்றை ஒதுக்குவதும், சமிக்ஞை அறுந்தால் மோட்டர் நின்றுவிடும்படி ஃபெயில்சேஃபை அமைப்பதும் நீங்கள் உடனே செய்யக்கூடியவை.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் அறுவடை முடிந்த வயல்கள் பறக்கவிட நல்ல வெளிதான். ஆனால் வறண்ட கச்சான் காற்று வீசும் நாட்களில் காய்ந்த ஒட்டு (அறுத்த நெல்லின் அடித்தாள்) மீது விழுந்து நசுங்கிய லிப்போ தீயைப் பரப்பும். ஒரு வாளி மணல் கைவசம் இருக்கட்டும். மட்டக்களப்பு விமான நிலையத்தை அண்டிய இடங்களில் அனுமதியின்றிப் பறக்கவிட வேண்டாம்.

கேள்வி: என் லிப்போ பற்றரி சற்று உப்பியிருக்கிறது. இரவில் மெதுவாகச் சார்ஜ் செய்தால் சரியாகுமா?
– அக்கரைப்பற்று வாசகர்

பதில்: சரியாகாது, தயவுசெய்து அதை இனிச் சார்ஜ் செய்யாதீர்கள். உப்பலுக்குக் காரணம் உள்ளே உருவான வாயு, அது திரும்ப அடங்குவதில்லை. உறை கிழியாமல் இருந்தால், வீட்டுக்கு வெளியே மணல் மேல் வைத்து, மோட்டார் சைக்கிளின் 12 வோல்ற் பல்பு ஒன்றை இணைத்து, ஒளி முற்றாக அணையும்வரை விட்டு, பின்னர் மின்னணுக் கழிவுகளை ஏற்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.

அடுத்த பற்றரியை, 2200 எம்.ஏ.எச். என்றால் 2.2 அம்பியருக்கு மேற்படாமல், செல்களைச் சமமாக நிரப்ப உதவும் பலன்ஸ் வயரையும் இணைத்து, சீமெந்துத் தரையில், நீங்கள் விழித்து அருகில் இருக்கும்போது மட்டும் சார்ஜ் செய்யுங்கள். செல்லொன்று 4.2 வோல்ற்றைத் தாண்டக் கூடாது, பறப்பில் 3.5க்குக் கீழே இறக்காதீர்கள். ஒரு வாரம் பறக்கப் போவதில்லை என்றால் 3.8 அளவில் வைத்திருங்கள். வெயிலில் பூட்டிய வாகனத்துக்குள் விடாதீர்கள். வாவியோரக் காற்றில் உப்பு இருப்பதால் இணைப்பி முனைகளையும் மாதம் ஒருமுறை பாருங்கள். பச்சை படிந்த முனை சூடாகும், அதை மாற்றிவிடுங்கள்.